அரைச் சுற்று

"அம்மா, நீ மட்டும் ஏன் எப்பவும் கரையிலயே நிக்கிற?"

ஏழு வயது டயானா அலைக்குள் நின்றுகொண்டு ஒருநாள் இப்படிக் கேட்டாள்.

அவள் அம்மா செசிலி மீன் விற்கிறவள். கடலிலிருந்து வருவதையெல்லாம் தொட்டிருக்கிறாள். கடலுக்குள் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அந்த மீனவக் குப்பத்தில் வயதுவந்த பெண்கள் இறங்குவதில்லை.

மறுநாளே அவனிடம் வந்தாள். டயானாவுக்குப் பலகையில் நின்று அலைச்சறுக்கச் சொல்லித் தருகிறவன் அவன்தான்.

"எனக்கும் சொல்லிக் குடு தம்பி. மொதல்ல தரையில."

இன்று மூன்றாவது நாள்.

காலை ஒன்பது மணி. மீன் ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்திருந்தது.

அவளுக்கென்று ஒரு பலகை செய்திருந்தான். நான்கு சக்கரம். அலையில் திரும்புவது போலவே தரையில் திரும்பப் பழகும் பலகை. சக்கரங்களைப் பலகையோடு பிடித்திருக்கும் இரும்புக்கு ட்ரக் என்று பெயர். முன் ட்ரக் எவ்வளவு ஆடுகிறதோ, பலகை அவ்வளவு வளையும்.

உதிரிபாகப் பெட்டியில் இருந்ததிலேயே அசையாத ட்ரக்கைத் தேர்ந்து முன்னால் பூட்டியிருந்தான். கெட்டி ரப்பர் போட்டது. நட்டையும் நன்றாக இறுக்கியிருந்தான்.

பயப்படுகிறவர்களுக்கு இறுக்கித் தருவது அவன் வழக்கம். அதை அன்பென்று நினைத்திருந்தான்.

செசிலி ஏறினாள். இடுப்பு திரும்பியது.

பலகை திரும்பவில்லை.

விழுந்தாள். நேற்றும் இப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

தூணடியில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அலங்காரம் தலை நிமிராமல் கேட்டார். "ஏன் செசிலி, மீன் விக்கிறத வுட்டுட்டு சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?"

"ஆமா மாமா. அங்க கோமாளி வேல ஒண்ணு காலியாக்கீதாம். உன்ன வரச் சொன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முழங்கையில் சிராய்ப்பு.

"போதும் தம்பி. டயானா கிட்ட சொல்லிக்கிறேன். சில பேருக்குக் கரைதான்."

சேலையைத் தட்டிவிட்டாள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். அரைக் கூடை சங்கரா மீனைத் தூக்கி அதன்மேல் ஏற்றினாள். இரண்டு கைகளையும் விட்டுவிட்டாள்.

"பதினாலு வருஷமா இத்த சொமந்துகினு நடக்குறேன். ஒருநாள் வுழுந்ததில்ல. ரெண்டு சாண் பலகையில நிக்க முடியல."

நடந்தாள்.

அவன் பார்த்தான்.

தலை அசையவில்லை. கூடை அசையவில்லை. இடுப்பு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பிள்ளைகளுக்கு ஆறு மாதம் சொல்லியும் வராத அசைவு.

கடவுள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்ததை அவன் நட்டுப் போட்டு இறுக்கியிருந்தான்.

"அக்கா. கூடைய எறக்காத. அப்டியே இதுல ஏறு."

தன் சொந்தப் பலகையைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். ஸ்பிரிங் வைத்த முன் ட்ரக். தொட்டால் ஆடும்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். பலகை நெளிந்தது. அந்த நெளிவுக்கு இடுப்பு தானாகப் பதில் சொன்னது.

மறு காலையும் வைத்தாள்.

முதல் தூணைச் சுற்றினாள். இரண்டாவதை மறுபக்கமாகச் சுற்றினாள். காலால் உந்தவே இல்லை. இடுப்பு போன பக்கம் பலகை போனது. கூடத்தின் நீளம் முழுக்க நெளிந்து நெளிந்து போய், அங்கே வளைந்து, திரும்பி வந்தாள்.

அலங்காரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

ஒரே ஒரு மீன் விழுந்தது. காகம் எடுத்துக்கொண்டது.

"எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும்" என்றாள் செசிலி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கடல்ல எறங்குறேன். நானும் டயானாவும். என் பலகையையும் இந்த மாதிரி ஆடுறாப்ல பண்ணிக் குடு தம்பி."

"நட்ட கொஞ்சம் தளத்தணும். அவ்ளோதான்க்கா. சாயங்காலம் வந்து எடுத்துக்க."

உண்மையில் அவ்வளவு எளிதில்லை. ரப்பர் ட்ரக்கை எவ்வளவு தளர்த்தினாலும் அப்படி ஆடாது. ஸ்பிரிங் ட்ரக் வரவழைக்க ஆறு வாரமாகும். ஊரில் இருப்பது அவன் பலகையில் உள்ள அந்த ஒன்றுதான். அடுத்த மாதம் அவனுக்கு அலைச்சறுக்குப் போட்டி. அதற்குத் தினமும் பழகுவது அதில்தான்.

உச்சிப்பொழுதில் கூடம் காலியானது. செசிலி தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருப்பாள். அலங்காரம் சாப்பிடப் போய்விட்டார்.

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

போன ஐப்பசியில் அவனுக்குக் கணுக்கால் முறிந்தது. ஊருக்குப் புதியவன். தனி அறை. முப்பது நாள், விடியும்போது வாசலில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. சோறும் குழம்பும். யார் வைத்தது என்று எவரும் சொல்லவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டான். செசிலி அதை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தாள்.

பார்த்ததை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

தன் ட்ரக்கைக் கழற்றி அவள் பலகையில் பூட்டினான். அவள் அவனைவிடக் கொஞ்சம் கனம். தண்ணீர்க் கேன் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறி ஆட்டிப் பார்த்தான். ஸ்பிரிங்கை அரைச் சுற்று இறுக்கினான். பயத்துக்காக அல்ல. எடைக்காக.

மறுபடி ஏறிப் பார்த்தான். சரியாக இருந்தது.

சிலுவை போட்டுக்கொண்டான்.

கெட்டி ட்ரக்கைத் தன் பலகையில் மாட்டினான். ஏறி இடுப்பைத் திருப்பினான். அது நேராகவே போனது. சுவர் வரை போனான்.

இறங்கினான். பலகையைக் கையால் திருப்பி வைத்தான். சீட்டியடித்தபடி மறுபடி ஏறினான்.