பெயரில்லாத மேடு
சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஒன்பதே வீடுள்ள அந்த ஊரை அளக்க வந்த நில அளவைக்காரி பென்சிலோடு குனிந்திருக்கிறாள். இருபது வயதில் ஊரை விட்டுப்போய், நேற்றுத்தான் திரும்பிய அண்ணன் கதை அளக்கிறான்: ஓடை திசைமாறிய வெள்ளம், கல்குவாரி மூடிய வருஷம், குடும்பம் குடும்பமாய் ஜனம் வண்டியேறிய விதம். அத்தனையும் தம்பி கடிதத்தில் எழுதியவை. ஜன்னல் வெளிச்சம்கூட அண்ணன் முகத்தில்தான் விழுகிறது. தம்பியின் மனைவி வாய்பொத்திச் சிரிக்கிறாள். ஆடு மேய்க்கும் தம்பியின் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. கதவோரம் நிற்கும் அவனுக்கு வயிறு எரிகிறது.

"இந்த மேட்டுக்கு என்ன பேருங்க?" பென்சில் நிற்கிறது. அண்ணன் விழிக்கிறான். "அது... தம்பிக்குத்தான் தெரியும்." மூச்சுவாங்கி மேடு. தினமும் ஏறி இறங்குகிற தம்பி வைத்த பேர்; எந்தக் கடிதத்திலும் எழுதாதது. ஒன்பது வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். "சொல்லுங்களேன்" என்கிறாள் மனைவி. சொன்னால் நாளைக்கு இதுவும் அண்ணன் கதையாகிவிடும்; தம்பி அவனையே பார்க்கிறான். "அதுக்குப் பேரே கிடையாது." மனைவியின் சிரிப்பு அடங்குகிறது. நில அளவைக்காரி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஓடைப் பக்கம் நகர்கிறாள். தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக அண்ணன் பக்கத்தில் உட்காருகிறான்.