தளத்தின் மேல் தளம்

பந்து மறுபடியும் பலகையில் மோதித் திரும்பி வந்தது.

அவள் கையை உதறிக்கொண்டாள். கல்லூரி அணியில் அதிகப் புள்ளி எடுத்த கை.

இந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடிவந்து, பேச்சை நிறுத்தாமலேயே பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டுப் போனார்கள்.

சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் கேட்டான்.

"எக்கா, வளையத்துக்கா எறியுதிய, கோபுரத்துக்கா?"

சுவர் முழுக்கச் சிரித்தது.

சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஆடும் கூடைப்பந்து கிளப், இத்தனை சின்ன ஊரில். அதை நம்பி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இன்றைய பயிற்சி முடிந்ததும், அவளை எடுப்பதா வேண்டாமா என்று கிளப் செயலாளர் அண்ணாச்சி முடிவு சொல்வார். அவர் இப்போதே அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

கிளப்பின் வரலாற்றை வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சொந்த மைதானத்தில் தோற்றதே இல்லை. வெளியூரில் ஜெயித்ததே இல்லை.

இரண்டையும் ஒரே பெருமையோடு சொன்னார்கள்.

ஆத்திரத்தில் அவள் வளையத்துக்குக் கீழே நின்று எம்பினாள்.

விரல் வளையத்தில் பட்டது.

வாழ்நாளில் பட்டதில்லை.

முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு சந்தேகப்பட்டாள்.

மைதானத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்தாள். சிமெண்ட் தளம் வெட்டிய கேக் போல அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் ஒரு பெயர். அரிசி ஆலை முதலாளி. நகைக்கடைக்காரர். முன்னாள் நகராட்சித் தலைவர், துணைவியாருடன். எல்லாவற்றுக்கும் மேலே அண்ணாச்சியின் அப்பா.

கிளப் விழா எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் புதுத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பழையதை உடைக்காமல், அதன் மேலேயே.

தளம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கம்பம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

வளையம் ஒரு சாண் இறங்கிவிட்டது. யாரும் அதைத் தொடாமலேயே.

அண்ணாச்சியிடம் போய் மெதுவாகச் சொன்னாள். தெரு முக்கில் இருந்த சிமெண்ட் கடை அவருடையது.

அவர் திடுக்கிடவில்லை. யாருக்காவது கேட்டதா என்று மட்டும் சுற்றிலும் பார்த்தார்.

உடைத்துவிட்டுச் சரியாகப் போட்டுவிடலாமே என்றாள்.

"யாரு பேர உடைக்கச் சொல்லுத, தாயி?"

அப்படியானால் கம்பத்தை மாற்றி வளையத்தை ஏற்றலாமே என்றாள்.

அவர் கம்பத்தைக் காட்டினார். அதில் கிளப்பைத் தொடங்கியவரின் பெயர் இருந்தது. போன விழாவுக்குத்தான் தங்க நிறத்தில் புதுப்பித்திருந்தார்கள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். இது பிள்ளைகள் காதுக்குப் போகக் கூடாது, போனால் இங்கே ஜெயித்ததெல்லாம் என்ன ஆவது என்றார். வேலை வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் கொஞ்சம் மெதுவாக எறியச் சொன்னார்.

மெதுவாக எறிந்தாள்.

விழுந்தது.

இன்னும் மெதுவாக எறிந்தாள். வலையைத் தவிர எதிலும் படாமல் விழுந்தது.

சுவர் விசிலடித்தது.

அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பி ஜெர்சியை வரவழைத்தார். அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்.

வாசலில் வேன் வந்து நின்றது. மறுநாள் பக்கத்து மாவட்டத்தில் ஆட்டம். பெண்கள் மைதானத்துக் குழாயில் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் பேச்சித்தாய் அவள் தோளில் ஈரக் கையைப் போட்டாள். இத்தனை வருஷமாக வெளியூரில் ஏன் தோற்கிறோம் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டாளாம்.

"அந்தூர்த் தண்ணி குடிச்சா நமக்குக் கை வலு போயிருது. எறிஞ்ச பந்து வளையத்துக்குக் கீழயே நின்னுருது. இந்தத் தடவ நம்ம தண்ணியையே கொண்டு போறோம்லா. நீங்க நாலு ஊர்ல ஆடினவிய. சொல்லுங்கக்கா, சரிதான?"

பெண்கள் எல்லோரும் கேனை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி வேன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே டயரை, திரும்பத் திரும்ப.

அவள் ஜெர்சியை நான்காக மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு கேன் பிடிச்சுக்கலாம்" என்றாள்.