சம்பளத்தோடு லீவு

ஈரத்துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டு சென்னம்மாள் புளி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"காய்ச்சல் பாக்குற ஜீப் வந்துருச்சுடி. எந்திரிச்சு வரிசைக்கு வா" என்றாள், கூடப் புளியங்கொட்டை எடுக்கும் ராமக்காள்.

ஊரில் விஷக்காய்ச்சல். காய்ச்சல்காரர் வேலைக்கு வரக்கூடாது, வீட்டில் இருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று காரிமங்கலம் முழுக்க ஒரு மாதமாகத் தமுக்கு அடித்தாயிற்று. கவுஸ் பாயின் புளி மண்டிச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நல்லம்பள்ளிப் பக்கம் மூன்று பேர் செத்த பிறகும் மண்டியில் ஒருத்தியும் லீவு கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்தி உண்டு, முனியம்மாள். அவள் கதை எல்லோருக்கும் தெரியும்.

"சம்பளந்தான் தராங்களேடி, பேசாம வூட்டுக்குப் போயேன்" என்றாள் ராமக்காள்.

"முனியம்மாளுக்கும்தான் தந்தாங்க. நாலாம் நாளு வந்து பாத்தா அவ எடத்துல வேற ஆளு. எம் புள்ளைங்க கஞ்சிக்கு எங்கக்கா போகும்?"

சுகாதார இன்ஸ்பெக்டர் குப்புராஜ் உள்ளே வந்தார். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மனிதர் கழுத்தில் மப்ளர். கவுஸ் பாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"என்னங்க சார், ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்களா?"

"ஜீப்புல ஒரே தூசிங்க பாய்." குப்புராஜ் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் லீவு போட்டு நிழல்ல உக்காரக் கூடாதுங்களா?"

"லீவா? எங்க ஆபீஸ்ல லீவு கேட்டா மாத்தல் ஆர்டர்தான் வரும். சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டு எடம் முடிக்கணும். எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க."

தெர்மாமீட்டர் போன ஊரிலேயே உடைந்துவிட்டதாம். முதல் பெண்ணின் நெற்றியில் கையை வைத்தார். "சில்லுனு இருக்கு. போம்மா." அடுத்தவளுக்கும் அதேதான்.

வரிசையின் கடைசியில் சென்னம்மாள். நெற்றித் துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கவுஸ் பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை நல்லதாக இல்லை.

நெற்றியில் கை விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"சில்லுனு இருக்கு. நீயும் போம்மா."

பாயின் முகம் தெளிந்தது. குப்புராஜ் வாசலில் நின்று, எங்கும் சொல்வதை இங்கும் சொன்னார். "காய்ச்சல்னா மறைக்காதீங்கம்மா. வேலையவிட உசுரு பெருசு."

"அடுத்து எங்கங்க சார்?"

"பள்ளிக்கூடம். எரநூறு புள்ளைங்க இருக்குது."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ராமக்காள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"தப்பிச்சடி! அந்த ஈரத்துணிதான் உன்னக் காப்பாத்துச்சு."

சென்னம்மாள் ஜீப் போன பக்கமே பார்த்தபடி நின்றாள்.

"துணி அப்பவே காஞ்சுருச்சுக்கா. அவரு கைதான் என் நெத்தியவிடக் கொதிச்சுது."