மருந்துப் பெட்டி கேட்ட வாக்கு

பேச்சியை முதன்முதலாகத் தூளியில் வைத்துத் தொங்கவிட்டபோது கொக்கி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை அங்கன்வாடித் தராசு மறக்கவே இல்லை. பிறகு மாதாமாதம் அந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தாள்.

மனசு கேட்காமல் தராசு, பிள்ளைகளுக்குச் சோறு போடும் கரண்டியிடம் விசாரித்தது. "அக்கா, இவள் சரியாகச் சாப்பிடுகிறாளா?"

"என் சட்டியில் நடப்பது உனக்கெதற்கு? போன தடவை அவள் எடை குறைந்ததை ஊர் பார்க்க முள்ளை ஆட்டிக் காட்டினாய். பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று தெருவே அவள் அம்மாவை ஏசியது."



நர்ஸம்மாவின் வண்டி பஞ்சராகி, காலையில் வரவேண்டிய மருந்துப் பெட்டி அன்று மதியம்தான் வந்திருந்தது. அது சொன்னது: "எனக்கும் ஒன்று தெரியும். முதலில் வாக்குக் கொடுங்கள். பிள்ளைக்கு உதவுகிற சேதி மட்டும் பேசுவோம். அது நம் மூவரைத் தாண்டக் கூடாது. அப்பன் குடி, வீட்டுச் சண்டை எதுவும் இங்கே வேண்டாம். பெற்றவளையும் கேட்டுக்கொள்வோம்."

தராசும் கரண்டியும் வாக்குக் கொடுத்தன. பிள்ளையை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் கேட்டபோது, அவள் செங்கல் தூக்கிக் காய்த்த கையால் கண்ணைத் துடைத்தாள். "அவ தேறினா போதும், பேசிக்கிடுங்க."

"நன்றாகத்தான் தின்கிறாள்," என்றது கரண்டி. "தின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்."

"பூச்சி மாத்திரை அவளுக்குக் கிடைத்ததே இல்லை," என்றது பெட்டி. "நான் வருகிற காலை வேளையில் அவள் அம்மாவோடு சூளையில் இருப்பாள்."

"எடை குறைந்ததும் அதனால்தானா!" என்றது தராசு.

மாத்திரை அன்றே நர்ஸம்மா கையால் கிடைத்தது. அதன்பின் பெட்டி மதியத்தில்தான் வந்தது.

பேச்சி இப்போது டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறாள்.