குழாயில் வெந்நீர்

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று காலையில் கிளம்பிய ஹேசல், மாலையில் தங்கள் படகு வீட்டுக்குத் திரும்பியதும் குழாயைத் திறந்தாள். வெந்நீர் கொட்டியது.

"படகை எங்க ஓட்டிட்டுப் போன?"

"எங்கயும் போகலையே," என்றான் கணவன் ராய்ஸ்டன்.

"கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு. இன்ஜின் ஓடினாத்தான் தண்ணி சுடும். டீசல் விக்கிற விலையில, நீ நின்ன இடத்துல இன்ஜின் ஓட்டற ஆளா? யார் அவ?"

ராய்ஸ்டன் தலை குனிந்தான்.

"கால்வாய் மதகு வரைக்கும் போனேன். எப்பவும் நீ இறங்கி மதகுக் கதவைத் திறப்ப, நான் படகை ஓட்டுவேன். ரெண்டையும் தனியாளா செய்ய முடியுமான்னு பாத்தேன்."

"தனியா எதுக்கு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உனக்கு வந்த கடுதாசிய நானும் படிச்சுட்டேன், ஹேசல்."