தமிழில் சொன்ன தீர்க்கதரிசனம்

“மச்சான், வெள்ளைக்காரரு இங்கிலீஷ்ல என்னா வேணா சொல்லிக்கினு போவட்டும். தமிழ்ல நீ நான் சொல்றதைச் சொல்லிடு. உங்க அக்கா உசுரு உன் வாயிலதான் இருக்குது.”

முத்துசாமி இப்படிக் கேட்டதும் தேவாவுக்கு டீ புரையேறியது.

திண்டிவனத்தில் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டம். வெளிநாட்டு ஊழியக்காரர் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிற வேலை தேவாவுக்கு. மற்ற நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறவன். முத்துசாமியின் மனைவி ஜெயம் அவனுடைய சொந்த அக்கா.

ஜெயத்துக்கு சுகர். கால் கட்டைவிரலில் புண். இரண்டு மாதத்துக்கு முன்னால் கூட்டேரிப்பட்டு சபையில் சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தவள், இனிமேல் மாத்திரையைத் தொடப் போவதில்லை என்று சபை நடுவே அறிவித்துவிட்டாள். உண்மையான ஊழியக்காரர் ஒருவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று சொல்லட்டும், அதன்படி நடக்கிறேன் என்றாள்.

அன்றிலிருந்து முத்துசாமிக்குத் தூக்கம் போனது. டாக்டர் திட்டிப் பார்த்தார். சபை பாஸ்டர் வீட்டுக்கே வந்து, மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதானம்மா என்றார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். டிவி மேல் வைத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. தினம் எழுந்ததும் முத்துசாமி அதைத்தான் முதலில் பார்ப்பார். கேப்பைக் கூழாவது நான் கிண்டுகிறேன் என்று போனால், அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டினாள். இந்த நிலைமையிலும் நம்மை வேலை செய்ய விடமாட்டேன் என்கிறாளே என்று மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவில் வந்த ஊழியக்காரர்கள் யாரும் ஜெயத்திடம் தேறவில்லை. விழுப்புரத்தில் ஒருவர், இந்த வரிசையில் உள்ள ஒருவருக்கு முழங்கால் வலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நாற்று நட்ட பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசை அது. வரிசையே எழுந்து நின்றது.

“ஊழியத்துல பொய் சொன்னா நரகம் மாமா,” என்றான் தேவா.

“உங்க அக்கா காலை எடுத்துட்டாங்கன்னா எனக்கு இங்கியே நரகம்தான். சொல்லுவியா மாட்டியா?”

தேவா பாதி டீயை வைத்துவிட்டு மேடைக்குப் போனான்.

கூட்டம் சூடு பிடித்தது. வெள்ளைக்காரர் கோட்டைக் கழற்றி எறிந்தார். முன்னால் இரண்டு பேர் ஆவி இறங்கி பிளாஸ்டிக் நாற்காலியோடு சாய்ந்தார்கள். திடீரென்று அவர் கண்களை மூடி, ஒரு விரலை உயர்த்தி, இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். தேவா மைக்கை வாய்க்கருகே இழுத்தான்.

“கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரி ஜெயம்! நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய். இன்றைக்கே திரும்பப் போட்டுக்கொள் என்கிறார் ஆண்டவர்.”

கூட்டம் அல்லேலூயா என்று அதிர்ந்தது. இங்கிலீஷ் தெரிந்த நாலு பேரும் முன்வரிசையில் கண்ணை மூடி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாத வெள்ளைக்காரர், தான் சொன்னதற்குத்தான் இந்த ஆரவாரம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயம் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். முத்துசாமி சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த மாத்திரையோடும் தண்ணீர் பாட்டிலோடும் பின்னாலேயே ஓடினார்.

“அதான் ஆண்டவரே சொல்லிட்டாரே, போட்டுக்கோ ஜெயம்.”

“ஆண்டவரும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. இந்தாளு சுத்த டுபாக்கூரு.”

முத்துசாமி திரும்பி மேடையைப் பார்த்தார். மச்சான் மாட்டிக்கொண்டான் என்றே நினைத்தார்.

“நான் என்னிக்கு மாத்திரைய நிறுத்தினேன்?” என்றாள் ஜெயம். “கேப்பை மாவு டப்பாவுக்குள்ள வேற அட்டை வச்சு, வேளாவேளைக்குப் போட்டுக்கினுதான் இருக்கேன். புண்ணு ஆறிப்போயி பத்து நாளாவுது. நிறுத்திட்டேன்னு ஊருக்கு முன்னால சொன்னது, வர்றவங்கள்ல எவரு நெசம், எவரு பொய்யின்னு பாக்கத்தான். நெசமான ஊழியக்காரரா இருந்தா ஆண்டவர் அந்த டப்பாவைக் காட்டியிருக்க மாட்டாரா?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி.”

“உங்ககிட்ட சொன்னா டீக்கடை வரைக்கும் போயிடும்.”

முத்துசாமி ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதக் கவலையை நினைத்தால் கோபம் வந்தது. அவளுடைய காலைப் பார்த்தால் சந்தோஷம் தாங்கவில்லை. செய்த வேலையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பழி வெள்ளைக்காரர் தலையோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். எப்படியும் அந்த ஆளும் டுபாக்கூராகத்தான் இருப்பார்.

ஜெயம் எதிர்க்கடையில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கப் போன நேரம், தேவா வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“உங்களால எனக்குப் பேஜாரு மாமா.”

“அது கெடக்கட்டும், அந்தாளு நெசமா என்னாதான் சொன்னாரு?”

“ஒண்ணுத்துக்கும் உதவாத பேச்சு மாமா. இந்தக் கூட்டத்துல ஒரு பொம்பளை மாத்திரைய நிறுத்திட்டேன்னு ஊரை ஏமாத்திக்கினு, மாவு டப்பாவுல ஒளிச்சு வச்சு முழுங்கிக்கினு இருக்காளாம். அதையெல்லாம் எவன் தமிழ்ல சொல்றது?”