ஜெபக் குறிப்பு எண் நான்கு

போனில் அந்தச் செய்தியின் மேல் எப்சிபா மறுபடியும் விரலை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். 'எல்லோருக்கும் அழி' வரவில்லை. 'எனக்கு மட்டும் அழி' என்றுதான் வந்தது.

தனக்கு மட்டும் அழித்து என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை போட்டது. இன்று சனி. நேரம் தாண்டிவிட்டது.

எதிரே, சாப்பாட்டு மேசையில், யோர்தானோஸ் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். காதில் போன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அந்தப் பெண் வந்துவிடுவாள். கல்லூரி விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறித் தாம்பரத்துக்கு. மூன்று வருடமாக இப்படித்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சிநேகமாக இருங்கள், வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடுங்கள் என்று மாணவர் ஊழியக் கூட்டத்தில் சொன்னபோது முதல் ஆளாகக் கை தூக்கியவள் எப்சிபா. எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், பிரியாணி தின்றார்கள், போனார்கள். இவள் ஒருத்திதான் நிலைத்தாள். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பாள். கேட்காமலே ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

அந்தச் சிநேகம் பொய்யில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

போன சனிக்கிழமை, பாத்திரம் கழுவும்போது, அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் நாட்டுப் பட்டாளத்திலிருந்து ஓடிவந்துவிட்டான். பிடித்தால் விடமாட்டார்கள். எல்லையோரத்து ஊர் ஒன்றில், மாவு மில்லுக்குப் பின்னால் ஓர் அறையில் ஒளிந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை எல்லை தாண்டிவிடுவான். ஊரின் பெயரையும் சொன்னாள்.

இங்கே அதை எழுதப்போவதில்லை. எழுதின வரைக்கும் போதும்.

யாரிடமும் சொல்லக்கூடாது ஆன்ட்டி என்றாள்.

சேச்சே, நான் யாரிடம் சொல்லப்போகிறேன், ஜெபம் மட்டும் பண்ணுகிறேன் என்றாள் எப்சிபா. ஈரக் கையோடு அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

ஜெபம் மட்டும்தான் பண்ணினாள், பாவி.

பொதுப்படையாக ஜெபிக்காதீர்கள் என்று பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாரையும் ஆசீர்வதியும் என்பது சோம்பேறி ஜெபம். பேர் சொல்லி, ஊர் சொல்லி, நாள் சொல்லிக் கேளுங்கள். இருபது வருடமாக அப்படித்தான் கேட்கிறாள். ஜெபக் குறிப்பு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முழங்கால் வலி என்று மொட்டையாக எழுதமாட்டாள். இடதா வலதா என்று போன் போட்டுக் கேட்டு எழுதுவாள்.

ஒன்று, பிள்ளைகளின் செமஸ்டர் தேர்வு. இரண்டு, முகாமுக்கு நல்ல இடம். மூன்று, பாஸ்டரம்மாவின் இடது முழங்கால்.

நான்கு, நம் அன்பு மகள் யோர்தானோஸின் தம்பி. ஊர். மாவு மில். வெள்ளிக்கிழமை.

தம்பியின் பெயர் மட்டும் இல்லை. கேட்க விட்டுப்போயிற்று. குறிப்பில் ஒரு குறை வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு அதற்கே மனசு உறுத்தியது.

அதைப் போட்ட வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு ஜெபப் பங்காளர்கள். நாற்பத்திரண்டு பேரும் தங்கமானவர்கள். அதில் குவைத்தில் இருக்கும் செல்லையா பிரதர் சொக்கத் தங்கம். அவர்தான் அதை இங்கிலீஷில் மாற்றி, அங்கே யோர்தானோஸின் நாட்டுக்காரர்கள் கூடும் சபையின் குழுவில் போட்டார். உங்கள் பையன் ஆபத்தில் இருக்கிறான், பக்கத்தில் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள் என்று மேலே ஒரு வரியும் சேர்த்திருந்தார். கைமாறிக் கைமாறி அது எங்கெல்லாம் போனதோ.

வியாழக்கிழமை சாயந்திரம் மில்லுக்கு இரண்டு பட்டாளத்து ஜீப் வந்தது.

இன்று காலை யோர்தானோஸின் ஊர்க்காரப் பெண் ஒருத்தி செய்தியையும் சொல்லி, அந்தக் குறிப்பையும் அவளுக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஊழியத்தின் பெயர். அதற்கும் கீழே எப்சிபாவின் பெயர்.

யோர்தானோஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வந்தாள், போனைக் காட்டினாள், எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து போக அவளுக்கு இந்த ஊரில் வேறு வீடில்லை.

"ரிங் போகல ஆன்ட்டி."

மறுபடி அழுத்தினாள்.

எப்சிபா குழுவில் தட்டினாள். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. 'அன்பானவர்களே, நான்காவது குறிப்பைத் தயவுசெய்து உடனே அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். உயிர் விஷயம்.'

அனுப்பினாள்.

ஆமென்.

ஆமென் சிஸ்டர்.

கூப்பிய கைகள், மூன்று.

கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

ஆமென்.

படித்துப் பார்த்துத்தான் போடுகிறார்களா? கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. படிக்காமல் அவள் போட்ட ஆமென் கொஞ்சமா நஞ்சமா?

செல்லையா பிரதர் மட்டும் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. நிறுத்தினார். மறுபடி தட்டினார். எப்சிபா திரையையே பார்த்தாள். அழித்துவிட்டேன் என்று சொல்லட்டும், ஆண்டவரே, அது போதும்.

வந்தது.

"உயிர் விஷயம்னதும் ரொம்பப் பாரமாயிடுச்சு சிஸ்டர். இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஆளுக்கு ஒரு மணி நேரமா இப்பவே சங்கிலி ஜெபம் ஆரம்பிச்சாச்சு. பையன் பேர் மட்டும் போடாம விட்டுட்டீங்களே. பேர் என்ன? குறிப்பா ஜெபிக்கணும்ல?"

எதிரே யோர்தானோஸ் போனை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ரிங் போகாத அந்தப் போனுக்குள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.

எப்சிபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.